லத்தீன் படிக்கிறதுன்னா உண்மைல என்ன படிக்கிறாங்க? இத்தாலி ஸ்கூலை வச்சு ஒரு எளிய விளக்கம்

இத்தாலில இருக்கிற எங்க தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குரூப்ல டிசம்பர், ஜனவரி வந்தாலே ஒரே பேச்சுதான், எட்டாங்கிளாஸ் முடிக்கப்போற பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேக்குறதுன்னு. அதுல லத்தீன் இருக்கிற ஸ்கூல் பேரு வந்ததும் ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி, செத்துப்போன மொழிய படிச்சு என்ன பண்ணப்போறான், அதுக்குப் பதிலா கோடிங் படிக்கட்டும்னு சொல்லும். இன்னொரு கட்சி, லத்தீன் படிச்சா மூளை ஷார்ப்பாகும், மெடிசின் ஈஸியாயிடும்னு சொல்லும். எம் பொண்ணு இப்ப லத்தீன், கிரேக்கம் ரெண்டும் இருக்கிற ஸ்கூல்ல மூணாவது வருஷம். மூணு வருஷமா அவ பக்கத்துல உக்காந்து பாத்ததுல எனக்குத் தோணுறது, ரெண்டு கட்சிக்குமே அந்த கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு தெரியாது. அத விளக்கத்தான் இது. லத்தீன் ஒரு வார்த்தைகூட தெரியாதவங்களுக்காக எழுதுறேன், இலக்கணம்னாலே பயப்படுறவங்களும் தைரியமா படிக்கலாம்.

எந்த ஸ்கூல்ல எவ்வளவு லத்தீன்

இத்தாலில 14 வயசுல இருந்து 19 வரைக்கும் அஞ்சு வருஷம் மேல்நிலைப் பள்ளி. அதுல பொதுப்படிப்பு தர்ற ஸ்கூலுக்குப் பேரு லிச்சேயோ. லிச்சேயோல பல வகை இருக்கு. லிச்சேயோ கிளாசிகோல முதல் ரெண்டு வருஷம் வாரத்துக்கு 5 மணி நேரம் லத்தீன், அடுத்த மூணு வருஷம் 4 மணி நேரம், இது போக கிரேக்கம் தனி. சயின்ஸ் லிச்சேயோல அஞ்சு வருஷமும் வாரம் 3 மணி நேரம், ஆனா அதுலயே "அப்ளைடு சயின்ஸ்" பிரிவு எடுத்தா லத்தீன் கிடையாது. மொழிகளுக்கான லிச்சேயோல முதல் ரெண்டு வருஷம் மட்டும் 2 மணி நேரம். குரூப்ல பாதி சண்டை இது தெரியாததாலதான் வருது, சயின்ஸ் எடுத்தா லத்தீன் இருக்காதுன்னு நம்பி சேத்துட்டு அப்புறம் முழிக்கிறவங்க இருக்காங்க.

கிளாசிகோல முதல் வருஷத்துக்கு "நாலாவது"ன்னு பேரு, ரெண்டாவதுக்கு "அஞ்சாவது". பொண்ணு சேந்த புதுசுல நான் குழம்பிப்போயிட்டேன். பழைய காலத்துல இந்த ரெண்டு வருஷமும் ஜின்னாசியோன்னு ஒரு தனி அஞ்சு வருஷ படிப்போட கடைசி ரெண்டு வருஷமா இருந்துச்சாம், அதோட முதல் மூணு வருஷத்த 1940-ல மிடில் ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க, மிச்ச ரெண்டுக்கும் பழைய நம்பரே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் ஆளுங்க அப்படித்தான் சொல்றாங்க.

முதல் ரெண்டு வருஷம் முழுக்க இலக்கணம். கடைசி மூணு வருஷம் இலக்கியம், அதாவது ஒவ்வொரு எழுத்தாளரா வரிசையா. இந்தப் பிரிவ மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா "லத்தீன் போர்"னு சொல்றவங்க பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்தோட நின்னவங்க.

உக்கார்ற இடமா, போட்டிருக்கிற கோட்டா

இப்ப மொழிக்குள்ள போவோம். பஸ்ல டிரைவர் யாருன்னு எப்படித் தெரியும்? டிரைவர் சீட்ல உக்காந்திருக்கவர்தான் டிரைவர். எடம்தான் அடையாளம். ஆஸ்பத்திரில டாக்டர் யாருன்னு எப்படித் தெரியும்? வெள்ளை கோட்டு போட்டிருக்கவர். அவர் வராண்டால நின்னாலும் கேன்டீன்ல நின்னாலும் டாக்டர்தான்.

இங்கிலீஷ், இன்னைக்கு பேசுற இத்தாலியன் எல்லாம் பஸ் மாதிரி. வாக்கியத்துல முன்னாடி நிக்கிற பேரு செய்யிறவர், பின்னாடி நிக்கிற பேரு செய்யப்படுறவர். எடத்த மாத்தினா கதையே மாறிடும். லத்தீன் ஆஸ்பத்திரி மாதிரி. "அம்மா மகளைக் கூப்பிடுறா"ங்கிறத "மாத்தெர் ஃபிலியம் வோகத்"னு சொல்லுவாங்க. மாத்தெர்னா அம்மா, ஃபிலியான்னா மகள், வோகத்னா கூப்பிடுறா. இத "ஃபிலியம் மாத்தெர் வோகத்"னு புரட்டிப் போட்டாலும் கூப்பிடுறது அம்மாதான், ஏன்னா மகள் மேல "ம்" ஒட்டியிருக்கு. மகள் அம்மாவைக் கூப்பிடணும்னா வார்த்தையோட வாலை மாத்தணும், "ஃபிலியா மாத்ரெம் வோகத்".

படிக்கும்போதே உங்களுக்கு ஒண்ணு தோணியிருக்கும். "அம்மா மகளைக் கூப்பிடுறா", "மகளை அம்மா கூப்பிடுறா", நமக்கும் ரெண்டும் ஒண்ணுதானே! ஆமா. லத்தீன் "ம்" செய்ற வேலையத்தான் நம்ம "ஐ" செய்யுது. எம் பொண்ணு கூடப் படிக்கிற இத்தாலியப் பசங்களுக்கு மாசக்கணக்குல மண்டைல ஏறாத இந்த விஷயம் வீட்ல தமிழ் பேசுற பிள்ளைக்கு ஒரு சாயங்காலத்துல புரிஞ்சிடுச்சு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோஷம் இருக்கே, வீட்ல தமிழ்தான் பேசணும்னு பிடிவாதமா இருந்தது வீண் போகலன்னு நினைச்சேன்.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: லத்தீன்ல வார்த்தை நிக்கிற எடத்த வச்சு அர்த்தம் எடுக்கக்கூடாது, வார்த்தையோட முடிவ பாத்து எடுக்கணும்.

நம்ம வேற்றுமையும் அவங்க கேஸும்

பெயர்ச்சொல்லோட முடிவு மாறி அதோட வேலையக் காட்டுறதுக்கு நம்ம இலக்கணத்துல வேற்றுமைன்னு பேரு. லத்தீன்ல அதுவே கேஸ். நமக்கு எட்டு, அவங்களுக்கு ஆறு. எழுவாய்க்கு ஒண்ணு, "ஐ"க்கு ஒண்ணு, "கு"வுக்கு ஒண்ணு, "உடைய"வுக்கு ஒண்ணு, கூப்பிடுற விளிக்கு ஒண்ணு, ஆக அஞ்சு. மிச்சம் நம்ம மூணாம், அஞ்சாம், ஏழாம் வேற்றுமைங்க, அதாவது "வாளால", "ஊர்ல இருந்து", "ஊர்ல", இந்த மூணு வேலையும் பெரும்பாலும் ஒரே கேஸ் தலைல விழுது, அதுக்குப் பேரு அப்லேட்டிவ். ஸ்கூல்ல நாம எரிச்சலோட மனப்பாடம் பண்ண எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி வரிசைய இங்க வச்சுப் பாத்தா ஒரு பிள்ளையோட லத்தீன் நோட்டு பாதி புரியும்.

வீரமாமுனிவர் ஞாபகத்துக்கு வர்றார். 1680-ல மாந்துவா பக்கத்துல காஸ்திலியோனேங்கிற ஊர்ல பொறந்த இத்தாலிக்காரர், நம்ம ஊருக்கு வந்து தமிழ் இலக்கணத்த லத்தீன்ல எழுதி வச்சார், பேச்சுத் தமிழுக்கு ஒண்ணு, செந்தமிழுக்கு ஒண்ணு. ஏன் லத்தீன்? படிக்கப்போறது ஐரோப்பால பல ஊர்ல இருந்து வர்ற பாதிரிமார், அவங்க எல்லாருக்கும் பொதுவா தெரிஞ்ச மொழி அதுதான்.

ஆனா எல்லாம் சுலபம்னு நினைச்சிடாதீங்க, லத்தீன் நம்மளவிட கஷ்டமாகுற எடம் ஒண்ணு இருக்கு. "பெண்களுக்கு"ங்கிற வார்த்தைய பாருங்க. பெண், கள், கு. ரயில் பெட்டி மாதிரி கழட்டி மாட்டலாம், "கள்" பன்மைக்கு, "கு" வேற்றுமைக்கு. லத்தீன்ல பெட்டிங்கள உருக்கி ஒண்ணா வார்த்துட்டாங்க. புவெல்லான்னா பொண்ணு, "புவெல்லிஸ்"னா பெண்களுக்கு. அந்த "இஸ்"ல பன்மை எங்க முடியுது, "கு" எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கவே முடியாது. அதுவும் போக "புவெல்லிஸ்" பெண்களாலன்னும் அர்த்தமாகும். "புவெல்லே"ன்னு ஒரு வடிவம் இருக்கு, அது பொண்ணோட, பொண்ணுக்கு, பொண்ணுங்க, பொண்ணுங்களே, நாலுமாவும் வரும்! எந்த அர்த்தம்னு வாக்கியத்துல மிச்ச வார்த்தைங்கள பாத்துதான் முடிவு பண்ணணும்.

இன்னும் ஒண்ணு, நமக்கு எந்தப் பேரா இருந்தாலும் "ஐ" "ஐ"தான், "கு" "கு"தான். லத்தீன்ல பெயர்ச்சொல்லு அஞ்சு குடும்பமா பிரிஞ்சிருக்கு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் முடிவு வரிசை வேற. அந்தக் குடும்பத்துக்குப் பேரு டிக்ளென்ஷன். பிள்ளைங்க பஸ் ஸ்டாப்ல நின்னு முணுமுணுன்னு ஒப்பிக்கிறாங்களே, அது இந்த வரிசையத்தான். மனப்பாடம் இருக்கு, மறுக்கல. ஆனா அது வாய்ப்பாடு மாதிரி, வாய்ப்பாடே கணக்கு கிடையாது.

சுருக்கமா: வேற்றுமை நமக்குத் தெரிஞ்ச சரக்குதான். புதுசு என்னன்னா ஒரே முடிவுக்கு பல வேலை இருக்கலாம், ஒரே வேலைக்கு பல முடிவு இருக்கலாம்.

வெர்சியோனே: ஒரு ஞாயித்துக்கிழமை

லத்தீன் கிளாஸோட மையம் வெர்சியோனே. பத்துப் பன்னெண்டு வரி லத்தீன் உரைநடைய அகராதி வச்சுக்கிட்டு இத்தாலியன்ல மாத்துறதுக்குத்தான் அந்தப் பேரு. வீட்டுப்பாடமும் அது, டெஸ்ட்டும் அது. லத்தீன்ல பேச மாட்டாங்க, கட்டுரை எழுத மாட்டாங்க. (சில டீச்சருங்க ஹான்ஸ் ஓர்பெர்க்னு ஒரு டென்மார்க்காரர் உருவாக்கின முறைல, முதல் பக்கத்துல இருந்தே எளிய லத்தீன்லயே கதை படிக்க வைக்கிறாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா பரவலா இல்ல.)

முதல் வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. சமையல்கட்டு மேசைல அகராதி, ஆயிரம் பக்கத்துக்கு மேல, தலகாணி மாதிரி. இவ இடப்பக்கத்துல இருந்து ஒவ்வொரு வார்த்தையா தேடி, முதல்ல போட்டிருக்கிற அர்த்தத்த எழுதிக்கிட்டே போறா. "துலித்"னு ஒரு வார்த்தைல முட்டி நின்னுட்டா. "தூக்கிட்டுப் போனான்"னு அர்த்தம், ஆனா அத தெரிஞ்சுக்க "ஃபெரோ"ன்னு ஒரு தலைச்சொல்லுக்குப் போகணும், பாத்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். தமிழ் அகராதில "கண்டான்"னு தேடினா கிடைக்குமா, "காண்"னுதானே தேடணும், அதே கதை. அப்புறம் "பெல்லும்"னு ஒண்ணு வந்துச்சு. இத்தாலியன்ல பெல்லோன்னா அழகு, அதனால அகராதியே பாக்காம அழகுன்னு எழுதிட்டா. லத்தீன்ல பெல்லும்னா போர்.

அடுத்த வாரம் டெஸ்ட்லயும் இதே ஸ்டைல்ல எழுதி 4 மார்க் வாங்கினா. இங்க பத்துக்கு மார்க்கு, 6 எடுத்தாதான் பாஸ். பேப்பர் கீழ டீச்சர் எழுதினது ஒரே வரி: முதல்ல வினைய தேடு.

இந்த ஒரு வரிலதான் எல்லாமே இருக்கு. வாக்கியத்துல வினைச்சொல் எங்க இருக்கு, பெரும்பாலும் கடைசில, நம்மள மாதிரியே. அது ஒருமையா பன்மையா? ஒருமைன்னா எழுவாயும் ஒருமையாத்தான் இருக்கணும், அப்ப எந்த வார்த்தை எழுவாயா இருக்க முடியும்? இந்த வினைக்கு "யாரை", "எதை"ன்னு கேள்வி கேட்டா பதில் எது? இப்படி ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு வந்து, கடைசிலதான் அகராதிய திறக்கணும். கோயில் வாசல்ல நூறு செருப்பு கலந்து கெடக்கும்போது நம்ம ஜோடிய எப்படித் தேடுவோம்? ஒண்ணு தூண் பக்கம் கெடக்கும், இன்னொண்ணு படிக்கிட்ட கெடக்கும், பக்கத்துல இருக்கேன்னு எதையும் மாட்டிக்க மாட்டோம், வாரையும் நிறத்தையும் பாத்துதான் எடுப்போம். லத்தீன்ல பெயரடையும் பெயரும் அப்படி. கவிதைல பெயரடை வரியோட ஆரம்பத்துல இருக்கும், அதோட பேரு வரிக் கடைசில இருக்கும், நடுவுல வேற ஆளுங்க நிப்பாங்க, ரெண்டுக்கும் கேஸ் ஒண்ணா இருக்கிறத வச்சுதான் ஜோடி சேக்கணும்.

சில எடத்துல தமிழ் நேரா கை கொடுக்கும். "ஊர்பே காப்தா"ன்னு ரெண்டே வார்த்தை வரும். ஊர்பேன்னா நகரம், காப்தான்னா பிடிக்கப்பட்டது, ரெண்டும் அப்லேட்டிவ் கேஸ்ல. வார்த்தைக்கு வார்த்தை போட்டா "பிடிக்கப்பட்ட நகரத்தால்"னு அசிங்கமா வரும், இவளும் முதல்ல அப்படித்தான் எழுதினா. நான் கேட்டேன், வாக்கியத்துல மிச்சம் என்ன இருக்கு? "சீசர் படைய திருப்பிக்கிட்டுப் போனார்." அப்ப "ஊரைப் பிடிச்சதும் சீசர் திரும்பிப் போனார்", இவ்வளவுதானேன்னேன். "பிடிச்சதும்"னு நாம ஒரே வார்த்தைல முடிச்சிடுறத இத்தாலியன்ல ஒரு தனி வாக்கியமா விரிச்சாதான் தெளிவா வரும்.

நெட்ல மொழிபெயர்ப்பு எல்லாத்துக்கும் கிடைக்குது, பசங்க காப்பி அடிக்கிறாங்க. டெஸ்ட்ல போனு கையில இருக்காது, அகராதி மட்டும்தான், அப்ப தெரிஞ்சிடும்.

அப்ப செத்த மொழியா

தாய்மொழியா யாரும் பேசுறதில்ல, அந்த அர்த்தத்துல சரி. ஆனா லத்தீன் ஒரு நாள் நின்னுபோய் அடுத்த நாள் இத்தாலியன் ஆரம்பிக்கல. பேசப் பேச தேஞ்சு தேஞ்சு ஒரு பக்கம் இத்தாலியனாச்சு, ஒரு பக்கம் ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ், ருமேனியன். எட்டுக்கு லத்தீன்ல ஒக்தோ, இத்தாலியன்ல ஒத்தோ. ராத்திரி நோக்தெம், இப்ப நொத்தே. பால் லாக்தெம், இப்ப லாத்தே, ஆமா, காபி கடைல கேக்குறோமே அதே லாத்தேதான். "க்த்" வந்த எடத்துல பெரும்பாலும் "த்த்" ஆயிருக்கு. இத ஒரு தடவை பாத்துட்ட பிள்ளைக்கு அப்புறம் தெருவுல இருக்கிற போர்டு எல்லாம் வேற மாதிரி தெரியும்.

நமக்கு சங்கப்பாட்டு எப்படியோ ஓரளவுக்கு அப்படித்தான் இத்தாலிக்காரங்களுக்கு லத்தீன். வார்த்தைங்க முகம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், உரை இல்லாம புரியாது. ஒரு பெரிய வித்தியாசம், நம்ம வேற்றுமை உருபு இன்னைக்கும் வாயில இருக்கு, அவங்க பெயர்ச்சொல்லுல கேஸ் எல்லாம் உதுந்துபோச்சு. அதனாலதான் அவங்களுக்கு அவங்க பாட்டன் மொழியே அவ்வளவு கஷ்டமா இருக்கு.

இலக்கியம்னு வரும்போது

இதுக்காகத்தான் அந்த ரெண்டு வருஷக் கஷ்டம் எல்லாம். மூணாவது வருஷத்துல கத்துல்லுஸ்னு ஒரு கவிஞர் வருவார், கிறிஸ்துவுக்கு முந்தின முதல் நூற்றாண்டு, வெரோனாக்காரர். அவரோட ஒரு கவிதை ரெண்டே வரி, மொத்தம் 14 வார்த்தை. அதுல 8 வினைச்சொல். ஒரு பெயர்ச்சொல்கூட கிடையாது, ஒரு பெயரடைகூட கிடையாது.

ஆரம்பமே "ஓதி எத் ஆமோ". வெறுக்குறேன், நேசிக்கிறேன். "நான்"ங்கிற வார்த்தையே இல்ல, அது வினையோட வால்ல ஒளிஞ்சிருக்கு, நம்ம "ஏன்" மாதிரி. யார, எதுக்குன்னும் இல்ல. அப்புறம், இத ஏன் செய்யிறன்னு நீ கேக்கலாம்னு சொல்றார், அங்க அவர் போடுற வினை "செய்"யிறது. அடுத்த வரில, தெரியல, ஆனா நடக்குறத உணருறேன்னு சொல்றார், இங்க வினை "ஆகு"றது. கேக்குறவன் "செய்யிற"ங்கிறான், இவர் "நான் செய்யல, எனக்கு ஆகுது"ங்கிறார். கடைசி வார்த்தை "எக்ஸ்க்ரூச்சியோர்", சித்திரவதைப்படுறேன், அதுக்குள்ள சிலுவைக்கான வார்த்தை இருக்கு, வடிவம் செயப்பாட்டு வினை. நேசிக்கிறேன்னு செய்றவனா ஆரம்பிச்ச ஆளு கடைசில செய்யப்படுறவனா முடியிறான்.

செய்வினை, செயப்பாட்டு வினை பட்டியல ஒரு வருஷம் ஒப்பிச்ச பிள்ளைக்குத்தான் இது கண்ணுல படும். மொழிபெயர்ப்புல படிச்சா ஒரு காதல் புலம்பலா மட்டும் தெரியும். எம் பொண்ணு இத என்கிட்ட சொன்னப்ப ராத்திரி பத்தரை மணி, நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன், ஈரக் கையோட வந்து நோட்ட வாங்கிப் பாத்தேன்.

இதுக்கப்புறம் நாலாவது வருஷம் விர்ஜில், ஹொராஸ், அஞ்சாவதுல செனேகா, டாசிடஸ்னு போகும். சிசரோவ இங்க "சிச்செரோ"ன்னு சொல்லணும், இத்தாலி ஸ்கூல்ல சர்ச் உச்சரிப்புதான். ரோமானியங்க "கிகெரோ"ன்னு சொல்லியிருப்பாங்க, சீசர "கைசர்"னு. பிள்ளை வேற மாதிரி சொல்லுதேன்னு திருத்தாதீங்க.

இவ்வளவு மவுசு ஏன், இவ்வளவு கோபம் ஏன்

1923-ல முசோலினி ஆட்சில ஜென்டீலேங்கிற அமைச்சர் கொண்டு வந்த கல்வித் திட்டத்துல கிளாசிகோவ உச்சில வச்சாங்க. அங்க படிச்சவங்க மட்டும்தான் யூனிவர்சிட்டில எந்தப் பிரிவுலயும் சேர முடியும், இது 1969 வரைக்கும் இருந்துச்சு. அதுக்கும் கீழ, 11 வயசுலயே பிள்ளைங்கள பிரிச்சாங்க, லத்தீன் இருக்கிற மிடில் ஸ்கூல் ஒரு பக்கம், தொழிலுக்குத் தயார் பண்ற ஸ்கூல் ஒரு பக்கம். தொழிலாளி வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் ரெண்டாவது பக்கம்தான் போச்சு. 1962 கடைசில வந்த சட்டம்தான் எல்லாருக்கும் ஒரே மிடில் ஸ்கூல்னு ஆக்குச்சு, அதுல லத்தீன் கட்டாயம் இல்ல, 1977-ல மிடில் ஸ்கூல்ல இருந்தே எடுத்துட்டாங்க. 2025-ல அமைச்சகம் விருப்பப் பாடமா திரும்பக் கொண்டு வர்றதா அறிவிச்சதும் பழைய சண்டை திரும்ப கிளம்பிடுச்சு.

லத்தீன ஒரு வாசல்காவலா வச்சு ஏழை வீட்டுப் பிள்ளைங்கள வெளிய நிறுத்தினது அநியாயம், அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. அதுக்கு மொழி மேல கோபப்படுறதுதான் எனக்கு ஒப்பல. மூளை ஷார்ப்பாகும்ங்கிற வாதமும் எனக்குத் தேவைப்படல, எதையும் பொறுமையா படிச்சா மூளைக்கு நல்லதுதான். மெடிசின் வார்த்தைல கிரேக்கமும் நிறைய கலந்திருக்கு, அதுக்காக அஞ்சு வருஷம் யாரும் லத்தீன் படிக்க வேண்டாம்.

சேக்குறதுக்கு முன்னாடி

அஞ்சாவது வருஷம் ஜூன் மாசம் மாத்துரித்தாங்கிற அரசுப் பரீட்சை. கிளாசிகோ பிள்ளைங்களுக்கு ரெண்டாவது எழுத்துப் பரீட்சை லத்தீனா கிரேக்கமான்னு அமைச்சகம் முன்கூட்டியே சொல்லிடும். 2023-ல லத்தீன், செனேகா வந்தார். 2024-ல கிரேக்கம், பிளேட்டோ. 2025-ல திரும்ப லத்தீன், சிசரோ நட்பைப் பத்தி எழுதின ஒரு பகுதி. மொழிபெயர்க்கணும், கூடவே அந்தப் பகுதிய பத்தி கேள்விக்கு பதில் எழுதணும், அகராதி அனுமதி உண்டு.

சமீப வருஷங்கள்ல நூத்துக்கு அஞ்சாறு பிள்ளைங்கதான் கிளாசிகோ எடுக்கிறாங்க. உங்க பிள்ளைக்கு சரிப்படுமான்னு பாக்க ஒரு வழி சொல்றேன். மிடில் ஸ்கூல்லயே "அனாலிஸி லோஜிகா"ன்னு ஒரு பாடம் இருக்கும், வாக்கியத்துல எது எழுவாய், எது செயப்படுபொருள்னு பிரிக்கிறது. அத எரிச்சலில்லாம, புதிர் மாதிரி போடுற பிள்ளைன்னா லத்தீன் பிடிக்கும். அதுல இழுபறியா இருந்தாலும் கவலைப்படாதீங்க, வீட்ல தமிழ் வாக்கியத்த வச்சு "யார்? யாரை? யாருக்கு?"ன்னு கேட்டு நாலு நாள் விளையாடிப் பாருங்க. ஸ்கூலோட ஓப்பன் டேக்கு போகும்போது பிள்ளையவும் கூட்டிட்டுப் போங்க, அங்க இருக்கிற டீச்சர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: முதல் வருஷம் எந்த முறைல சொல்லித்தர்றீங்க, மார்க் குறைஞ்ச பிள்ளைக்கு மத்தியானம் எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்கா. ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில நல்லா கவனிச்சுக் கேளுங்க, ஏன்னா முதல் வருஷம் 4 மார்க் வாங்காத பிள்ளை ரொம்பக் கம்மி.